கிணற்றை அளந்து பம்பு வாங்குக

முத்துக்குளிப்பு நம் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் பெரும்புகழ் தந்த தொழில். 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளே அதன் இறுதிக் காலம் ஆயின. அத்தொழிலில் ஒரு நன்முறை இருந்தது. கடலுக்குள் சிப்பி விளையும் இடங்களைப் 'பார்' என்பர். பாரைப் பார்வையிடாமல் குளிப்பு அறிவிக்கப்படுவதில்லை. முதலில் சிறிதளவு சிப்பியை எடுத்து, அதன் வயதையும் விளைவையும் மதிப்பிடுவர். முற்றியிருந்தால் குளிப்பு உண்டு. முற்றாதிருந்தால் அவ்வாண்டு இல்லை. படகும் ஆளும் கயிறும் எவ்வளவு இருப்பினும், பார் எவ்வளவு தரும் என்பதே முதற் கேள்வியாக இருந்தது.

இந்நன்முறையை நம் கிணறுகளுக்கு நாம் கைக்கொள்வதில்லை. பம்பு பழுதுபட்டால் கடைக்கு ஓடுகிறோம். "பழையது எத்தனை குதிரைத்திறன்?" என்று கடைக்காரர் கேட்கிறார். "மூன்று" என்கிறோம். "ஐந்தாகப் போட்டுவிடுங்கள், தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும்" என்கிறார். போட்டுவிடுகிறோம். கிணறு எவ்வளவு தரும் என்று கேட்பார் ஒருவரும் இல்லை. பழைய பம்புக்கு மாற்று வாங்கும் உறுப்பினர்கள் அக்கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைகடந்து பாய்ந்தது. வயலும் வீடும் மூழ்கியதோடு, கிணற்றடி மோட்டார்களும் நீரிலும் சேற்றிலும் புதைந்தன. வெள்ளத்தால் ஆயினும் வயதினால் ஆயினும், பம்பை மாற்றும் நாள் ஒவ்வோர் உழவர்க்கும் ஒருநாள் வந்தே தீரும். கடன் வாங்கிச் செய்யும் அச்செலவு பல ஆண்டுகளுக்கு நம் கிணற்றின் விதியை முடிவு செய்துவிடுகிறது.

கமலையும் மோட்டாரும்

நம் பாட்டனார் காலத்தில் கமலையும் ஏற்றமும் நீர் இறைத்தன. மாடு களைத்தால் இறைவை நின்றது; அந்நேரத்தில் கிணறு ஊறியது. இறைப்பவன் வலிமைக்கு ஓர் எல்லை இருந்தமையால் கிணற்றுக்கும் ஒரு காவல் இருந்தது.

1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் தொடங்கியது. கோவை வட்டாரத்தில் மின்சாரம் பரவியது. 1937-இல் ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியால் அங்கே மின்மோட்டார் செய்யப்பட்டது. அதன்பின் கோவை பம்புத் தொழிலின் தலைநகர் ஆயிற்று. நம் பகுதிக்கு 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. இதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் மாடு களைப்பது போல் மோட்டார் களைப்பதில்லை. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அதன்பின், பெரிய மோட்டாரால் செலவு கூடும் என்ற அச்சமும் அகன்றது. மின்சாரம் இலவசமாகலாம், நீர் இலவசம் அன்று. மின்வாரியம் அனுப்பாத பட்டியலைக் கிணறு அனுப்புகிறது.

நன்னீருக்கு அடியில் உப்புநீர்

உள்நாட்டுக் கிணறு அளவுக்கு மீறி இறைத்தால் வற்றும். மழை பெய்தால் மீண்டும் ஊறும். கடற்கரைக் கிணற்றின் கதை வேறு.

திருச்செந்தூரில் கடலுக்கு மிக அருகில் நாழிக்கிணறு இருப்பதை அனைவரும் அறிவோம். சுற்றிலும் உவர்நீர் இருக்க, அச்சிறு ஊற்றில் நன்னீர் சுரக்கிறது. இது இறைவன் திருவருள் என்று அடியார் போற்றுவர். கடற்கரையில் நன்னீர் எவ்வாறு நிற்கிறது என்பதற்கு இயற்கை நூலும் ஒரு விளக்கம் தருகிறது. மழைநீர் மணலில் இறங்கி, நிலத்துக்குள் பரவியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரினும் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆதலால் கடல் மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டினரான கைபனும், 1901-இல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க்கும் இக்கணக்கைத் தனித்தனியே வெளியிட்டனர்.

இதன் மறுபக்கமே நமக்கு முக்கியம். மேலே நன்னீரின் மட்டம் ஒரு மீட்டர் நிலையாகத் தாழ்ந்தால், கீழே உப்புநீர் 40 மீட்டர்வரை மேலேறலாம். அஃது ஒரே நாளில் நிகழ்வதன்று. ஆனால் நாள்தோறும் பெரிய பம்பு கிணற்றை அடிவரை உறிஞ்சினால், அதன் நேர்கீழே உப்புநீர் கூம்புபோல் குவிந்து எழும்புகிறது. ஏறிய உப்பு எளிதில் இறங்குவதில்லை. ஒரு கோடையில் நாம் செய்த பிழையைத் திருத்தப் பல மழைக்காலங்கள் வேண்டியிருக்கும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இது நடந்துவிட்டது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பயிருக்குமாகப் பல்லாண்டுகள் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால், கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. பின்னர் 2010-இல் அதே மீஞ்சூரில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் ஆலை தொடங்கப்பட்டது. நம் திருச்செந்தூர், உடன்குடி வட்டாரத்திலும் உவர்ப்பு ஏறிய கிணறுகள் இருக்கின்றன. குதிரைமொழித் தேரியின் செம்மணல் மழையை உள்வாங்கி நமக்கு நன்னீர் சேர்த்துத் தருகிறது. அச்சேமிப்பைக் காத்தல் நம் கடமை.

தூத்துக்குடி உப்பளங்களில் பம்பு வைப்பவர் நிலத்தடியிலிருந்து உப்புநீரை நாடி இறைக்கின்றனர். அவர்க்கு அது செல்வம். நமக்கு வேண்டுவது அதற்கு நேர்மாறானது. எனவே உப்பளத்தில் நன்றாக ஓடும் பம்பு நம் தோட்டத்துக்கும் நன்று என்று எண்ணுதல் தவறாகும்.

முதற்கணக்கு: கிணறு எவ்வளவு தரும்?

இதனை அறிய ஒரு நாடாவும் கடிகாரமும் போதும். 4 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மீட்டர் உயர நீர் என்பது ஏறக்குறைய 12,500 லிட்டர். கோடையில் ஒருநாள் காலை, நிலை மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் தாழும்வரை இறைத்து நிறுத்துங்கள். நீர் மீண்டும் பழைய மட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்றென்றால், கிணறு மணிக்கு 6,250 லிட்டர், அதாவது வினாடிக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தருகிறது. மழைக்காலத்தில் அளந்தால் கிணறு நம்மை ஏமாற்றும், கோடைக்கணக்கே மெய்க்கணக்கு.

இரண்டாங்கணக்கு: பயிருக்கு எவ்வளவு வேண்டும்?

இரண்டு ஏக்கரில் 150 தென்னை நிற்பதாகக் கொள்வோம். சொட்டுநீர் முறையில் மரம் ஒன்றுக்கு நாளுக்கு 80 லிட்டர் விடுவதானால் மொத்தம் 12,000 லிட்டர். வினாடிக்கு 2 லிட்டர் தரும் சிறு பம்பு இதனை ஒரு மணி நாற்பது நிமிடத்தில் இறைத்துவிடும். இறைக்கும் நீர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் கிணறு ஒரு மீட்டருக்குமேல் தாழாது. இறைக்கும்போதே ஊறுவதால் அதனினும் குறைவாகவே தாழும். வாய்க்காலில் பாய்ச்சுவோர்க்கு நீர் மிகுதியாக வேண்டும் என்பது உண்மை. அவர்கள் பம்பைப் பெரிதாக்குவதற்கு முன், பாய்ச்சும் முறையை மாற்ற இயலுமா என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

மூன்றாங்கணக்கு: எவ்வளவு உயரம்?

பம்புக்காரர் 'ஹெட்' என்று கூறுவது நீரை ஏற்ற வேண்டிய மொத்த உயரமாகும். நம் எடுத்துக்காட்டில் தரையிலிருந்து நீர்மட்டம் 10 மீட்டர் கீழே. இறைக்கும்போது தாழ்வது 1 மீட்டர். தரைக்குமேல் தொட்டிக்கு ஏற்றுவது 1 மீட்டர். குழாயின் உராய்வுக்கு 3 மீட்டர். ஆக 15 மீட்டர். சொட்டுநீர்க் குழாய்க்கும் வடிகட்டிக்கும் வேண்டிய அழுத்தத்துக்கு இன்னும் 15 மீட்டர் சேர்த்தால் 30 மீட்டர் ஆகும்.

இனிக் குதிரைத்திறன் காண்பது எளிது. வினாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை ஹெட்டால் பெருக்கி 75-ஆல் வகுக்க வேண்டும். 2 × 30 ÷ 75 = 0.8. பம்பும் மோட்டாரும் தம் வேலையில் பாதியை வீணாக்கும் என்று கொண்டால், இரு மடங்காக 1.6. ஆகவே 2 குதிரைத்திறன் தாராளமாகப் போதும். தொட்டிக்கு மட்டும் ஏற்றுவதாயின் ஒன்றே போதும்.

அதே கிணற்றில் 5 குதிரைத்திறன் பம்பை வைத்து 15 மீட்டர் உயரத்துக்கு இறைத்தால் என்ன ஆகும்? வினாடிக்கு 12 லிட்டருக்குமேல், மணிக்கு 45,000 லிட்டர் கொட்டும். கிணறு தருவதோ 6,250. மட்டம் தாழத் தாழ ஊற்று சற்று விரைந்தாலும், ஒரு மணி நேரத்தில் கிணறு 2, 3 மீட்டர் தாழ்ந்துவிடும். அங்கேதான் உப்பு மேலெழுகிறது.

பெயர்ப்பலகையைப் படியுங்கள்

ஒவ்வொரு பம்பின்மேலும் ஒரு சிறு பலகை உண்டு. அதில் குதிரைத்திறனை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம். அதனருகில் ஹெட் அளவும், நீர் அளவும், திறப்பயன் விழுக்காடும் எழுதப்பட்டிருக்கும். நம் கணக்கில் வந்த ஹெட் பலகையில் கண்ட எல்லைகளின் நடுப்பகுதியில் அமைய வேண்டும். கொங்கு நாட்டின் ஆழ்கிணறுகளுக்காக மிகுந்த ஹெட்டில் செய்த பம்பை நம் ஆழங்குறைந்த கிணற்றில் வைத்தால், அளவுக்கு மீறி நீர் தள்ளும். மோட்டார் மிகுந்த மின்னோட்டம் இழுத்துச் சூடேறிக் கருகும். "புதுமோட்டார் ஓராண்டில் எரிந்துவிட்டது" என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் கம்பெனியன்று, பொருத்தமின்மையே.

தரை மேல் நிற்கும் பம்புக்கு மற்றோர் எல்லையும் உண்டு. மூச்சடக்கி மூழ்குபவர் இவ்வளவு ஆழம் என்று ஓர் எல்லை வைத்திருப்பதுபோல், உறிஞ்சும் பம்புக்கும் உறிஞ்சும் ஆழம் உண்டு. காற்றின் அழுத்தம் நீரைத் தள்ளக்கூடிய உயரம் ஏட்டுக்கணக்கில் 10 மீட்டருக்குச் சற்று மேல். நடைமுறையில் ஆறு மீட்டர், அதாவது 20 அடி. அதற்குமேல் நீர்மட்டம் தாழுமானால், நீருக்குள்ளேயே அமரும் திறந்தகிணற்று நீர்மூழ்கி மோட்டாரை வாங்குவது தக்கது. இதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 14220, ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கிக்கு ஐ.எஸ். 8034, தரைமேல் வைக்கும் மோனோபிளாக்கிற்கு ஐ.எஸ். 9079. இம்முத்திரையும், திறப்பயனைக் காட்டும் நட்சத்திரக் குறியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஆயின் பொருந்தாத ஹெட்டில் ஐந்து நட்சத்திரமும் பயன்தராது.

உப்புக்காற்று வீசும் நம் பகுதியில் வார்ப்பிரும்புச் சுழலி விரைவில் அரிக்கப்படும். வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகுச் சுழலி விலை கூடினும் காலப்போக்கில் மலிவு.

பம்பை மாற்றும்போது குழாயையும் புட்வால்வையும் பாருங்கள். இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால், அதே நீருக்கு உராய்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பம்பு போதவில்லை என்று நாம் எண்ணுவது பல வேளைகளில் குழாய் போதாமையே. வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரையும் உடனே கழித்துவிட வேண்டுவதில்லை. நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்தி, சுருளின் மின்காப்பை மெக்கர் கருவியால் சோதித்தபின் முடிவு செய்யலாம். ஈரத்தோடு ஓட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது.

பிறநாட்டார் கண்ட படிப்பினை

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. குளிர்நாடுகளில் வெந்நீரைக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பி வீட்டைச் சூடாக்குவர். அந்நீரைச் சுற்றி வரச் செய்ய ஒரு சிறு பம்பு உண்டு. சென்ற நீர் அதே இடத்துக்குத் திரும்பி வருவதால் உயர்த்தும் வேலை அதற்கு இல்லை. குழாயின் உராய்வை வெல்வதே அதன் வேலை. அங்கும் மாற்று வாங்குவோர் தேவையைக் கணக்கிடாமல் பெரியதையே வாங்கி மின்சாரத்தை வீணாக்கினர். 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இப்பம்புகளுக்குக் கடுமையான திறப்பயன் விதியை நடைமுறைப்படுத்தியது. தேவைக்கேற்பத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பம்புகள் இதனால் பரவின. அவர்கள் இழந்தது மின்சாரம்; நாம் இழப்பது கிணறு.

மெதுவாக நெடுநேரம் இறைப்பது கடற்கரைக் கிணற்றுக்கு உகந்தது. இவ்வகையில் சூரிய ஒளிப் பம்பு நமக்குப் பொருத்தமானதே. 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ் மானியம் பெறும் வழியை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். ஆயினும் வெயிலுள்ள நேரமெல்லாம் ஓடவிடாமல், நீர்மட்டம் தாழ்ந்தால் தானே நிற்கும் மிதவைச் சுவிட்சைச் சேர்த்து வைத்தல் வேண்டும்.

இரண்டு சீசாக்கள்

புதுப்பம்பு சரியானதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இறைக்கத் தொடங்கியவுடன் ஒரு சீசாவிலும், நிறுத்துமுன் மற்றொரு சீசாவிலும் நீர் பிடியுங்கள். இரண்டையும் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்திலோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ காட்டி உப்பின் அளவை ஒப்பிடுங்கள். இரண்டாவது சீசாவில் உப்பு கூடியிருந்தால், பம்பு கிணற்றை மீறி இறைக்கிறது என்பது பொருள். உடனே நீர்ப் போக்கைக் குறையுங்கள். நேரத்தைப் பிரித்துக் காலையும் மாலையும் இறையுங்கள்.

நெசவாள உறுப்பினர்கள் இது உழவர் செய்தி என்று தாள் புரட்டிவிட வேண்டாம். சாயச்சாலைக்கு வரும் நீரும் அதே நிலத்தடி நீர்தான். நீரில் உப்பும் கடுமையும் ஏறினால் நூலில் சாயம் ஒரே சீராகப் பற்றாது, சவுக்காரம் நுரைக்காது, ஒரு பாவில் இரண்டு நிறம் தெரியும். அண்டைத் தோட்டத்துப் பம்பு தறியின் கூலியையும் குறைக்க வல்லது.

சங்கம் செய்யத்தக்கவை

கிணறு ஒருவர் பெயரில் பட்டாவாக இருக்கலாம். அடியில் ஊறும் நீருக்கு வேலி இல்லை. என் பெரிய பம்பு அடுத்தவர் கிணற்றில் உப்பை ஏற்றும். அவரது பெரிய பம்பு என் கிணற்றில் ஏற்றும். ஒருவர் பெரிதாக்க, மற்றவரும் பெரிதாக்க, இறுதியில் இருவரும் உவர்நீரை இறைப்பர். தனிமனிதன் சிக்கனம் இங்கே தனியாகப் பயன்தராது, கூட்டுறவே வழி.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் நான்கு செயல்களை மேற்கொள்ளலாம். ஒன்று: அளவு நாடா, 200 லிட்டர்ப் பீப்பாய், உப்பளவு காட்டும் சிறு மின்கருவி ஆகியவற்றைச் சங்கச் செலவில் வாங்கி, உறுப்பினர்க்கு முறைப்படி கொடுத்து வாங்குதல். 200 லிட்டர்ப் பீப்பாய் 100 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 2 லிட்டர் என்று பள்ளிப்பிள்ளையும் கணக்கிடும். இரண்டு: பம்புக்கடன் மனுவோடு கோடைக் கிணற்று அளவையும் இணைக்கச் செய்தல். மூன்று: ஒத்த தேவையுள்ளோர் ஒரே வகைப் பம்பை ஒன்றாக வாங்குதல், விலையும் குறையும், உதிரி உறுப்பும் எளிதில் கிடைக்கும். நான்கு: அண்டைக் கிணற்றார் கூடி, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைப் பங்கிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் இறைப்பதைத் தவிர்த்தல்.

பாரைப் பார்த்துக் குளிப்பு அறிவித்த கடற்கரை இது. முற்றாத சிப்பியைப் பொறுமையுடன் விட்டுவைத்த அறிவு நம் முன்னோர்க்கு இருந்தது. அடுத்த முறை பம்புக் கடைக்குப் புறப்படும் உறுப்பினர், பணத்தை எடுத்து மடியில் கட்டுமுன், நாடாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் செல்வாராக. கடைக்காரர் "எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்கும்போது, "என் கிணறு மணிக்கு இத்தனை லிட்டர் தரும், ஹெட் இத்தனை மீட்டர், அதற்கேற்றதைக் கொடுங்கள்" என்று அவர் விடை கூறட்டும்.